பேர் வெட்டாத பேச்சு

மெர்லினுக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான். பக்கங்கள் மெதுவாகத் திறக்கின்றன, வேகமாகத் திறக்க வைக்க வேண்டும். பதினெட்டு வயதில் மார்த்தாண்டத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்க வந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, நாற்பதைத் தாண்டிய பிறகும் அவள் செய்துகொண்டிருந்தது ஏறக்குறைய இதே வேலைதான். மற்றவர்கள் அவசரமாக எழுதிவிட்டுப் போனதை ஒழுங்குபடுத்துவது. அந்த வருஷம் அவளுக்கு அலுப்பு கண்ணில் தொடங்கித் தோள்பட்டையில் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போனால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டால்கூட மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வேலை செய்த நிறுவனமே பேச்சை வைத்துப் பிழைப்பது. 'மறுகுரல்' என்று பெயர். பக்கவாதத்தாலோ தொண்டைப் புற்றாலோ பேச்சு போனவர்களுக்கு இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் செய்து கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிய மெல்லிய பட்டை ஒன்று, அவர் சொல்ல நினைப்பதைப் படித்துக் கட்டிலருகே உள்ள டேப்லட்டுக்கு அனுப்பும். அதில் திறந்திருக்கும் அவருடைய பக்கம் அதைக் குரலாக்கிப் பேசும். ஏதோ எந்திரக் குரலில் அல்ல. குடும்பத்தார் கொடுத்த பழைய பதிவுகளிலிருந்து எடுத்த அவருடைய சொந்தக் குரலில், சொந்த ஊர்ப் பேச்சில்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் இரண்டு வகைக் கோப்புகள் இருந்தன. என்ன சொல்வது என்பதை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். எப்படிச் சொல்வது என்பது ஸ்டைல்ஷீட்டின் பொறுப்பு. யாரை எப்படிக் கூப்பிடுவார், கோபம் வந்தால் குரல் எங்கே ஏறும், சாப்பிட்டுக் கை கழுவியதும் வழக்கமாக என்ன சொல்வார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வழக்கச் சொற்களை மட்டும் பக்கம் தானாகவே சொல்லும். நோயாளி நினைக்கக்கூட வேண்டாம். பழைய மனிதர் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது என்று வீட்டார் கண்கலங்குவது அந்த இடத்தில்தான்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், பக்கங்கள் பெருகிவிட்டன. ஒவ்வொரு பக்கமும் தன் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு திறந்தது. நகரத்தில் தெரியவில்லை. சிக்னல் சரியாக எட்டாத இடங்களில் டேப்லட் சுற்றிக்கொண்டே இருக்கும். வால்பாறைப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, சொல்ல வாயில்லாமல், பக்கம் திறக்கும்வரை வீட்டார் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுநாளே நிறுவனத் தலைவர் சபாபதி மெர்லினைத் தன் அறைக்கு அழைத்துவிட்டார்.

"ஒவ்வொரு பக்கமும் தன் சாமானெல்லாம் தானே தூக்கிட்டு வருது சார்" என்றாள் மெர்லின். "நூறு குடும்பம் நூறு லாரி பிடிச்ச மாதிரி. அதுல பாதிச் சாமான் எல்லார்கிட்டயும் ஒண்ணேதான். ஒரு பில்ட் டூல் வெச்சா அதுவே எல்லாப் பக்கத்தையும் படிச்சு, பொதுவா இருக்கிறதை ஒரே மூட்டையாக் கட்டும். பயன்படாததை உதறிடும். பக்கம் உடனே திறக்கும்."

"உதறும்போது தேவையானது போயிட்டா?"

"ஒவ்வொரு பக்கமாத் திறந்து காது கொடுத்துக் கேட்டுட்டு விட்டா ஒண்ணும் ஆகாது. அதுக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்."

சபாபதி கெட்டவர் அல்ல. வால்பாறைக்காரரின் மகனோடு பேசிவிட்டு வந்த பதற்றத்தில் இருந்தார். அவகாசம் கொடுக்க முடியாது, கணினியே சோதித்துப் பார்க்கட்டும், தேறினால் விட்டுவிடலாம் என்றார். மெர்லின் வாதாடியிருக்கலாம். அலுப்பாக இருந்தது. சரி என்றாள்.

சோதனைகள் எல்லாம் தேறின. மூட்டைகள் வெளியே போயின. பக்கங்கள் கண் இமைப்பதற்குள் திறந்தன. வால்பாறையிலிருந்து நன்றி சொல்லிப் பேசினார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். மெர்லின் தன் பங்கை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

அந்த மாத முடிவில் தென்காசியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். தங்கபுஷ்பம் என்று பெயர். அவளுடைய அப்பா பரமசிவன் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவரைப் பார்க்கப் போனபோது, அப்பாவின் பக்கம் ஒருமாதிரியாகப் பேசுவதைக் கவனித்திருக்கிறாள். குரல் அவருடையதுதான், பேச்சு அவருடையது இல்லை என்றாள்.

"எப்படிப் பேசுறாங்க?"

"கோயம்புத்தூர்க்காரங்க மாதிரி. அம்மாவை அம்மிணிங்காரு. வாங்க போங்கங்காரு. எங்கப்பா அப்படிப்பட்ட ஆளே கிடையாது மேடம். எங்களுக்கே பயமா இருக்கு, மூளையில வேற ஏதும் ஆயிட்டோன்னு."

அம்மா என்ன சொல்கிறார் என்று மெர்லின் கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் புரியவில்லை என்று தங்கபுஷ்பம் பதில் சொன்னாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பில்ட் டூல், ஒரே மாதிரிப் பாகங்களைக் கொண்ட பக்கங்களைச் சேர்த்துச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டியிருந்தது. பழைய முறையில் எழுதப்பட்டவை இரண்டே பக்கங்கள்தான். ஒன்று பரமசிவனுடையது. மற்றது கோபிசெட்டிபாளையத்தில் நாச்சிமுத்து என்ற ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. இரண்டு ஸ்டைல்ஷீட்டிலும், மனைவியை எப்படிக் கூப்பிடுவார், வழக்கமாக என்ன கேட்பார் என்ற விதிக்கு ஒரே பெயர். ஒரே பெயரில் இரண்டு விதிகள் ஒரு மூட்டைக்குள் வந்தால் பின்னால் வருவதுதான் செல்லும். முன்னால் இருப்பது பயனற்றது என்று உதறப்பட்டுவிடும். நாச்சிமுத்து பின்னால் வந்திருந்தார். அவருடைய பக்கம் முன்போலவே சரியாகப் பேசியது. தங்கள் வீட்டுப் பேச்சு பொதிகை மலையடிவாரத்தில் இன்னொரு வீட்டிலும் கேட்டுக்கொண்டிருப்பது கோபியில் யாருக்கும் தெரியாது.

மெர்லின் பரமசிவனுடைய பழைய பதிவுகளையும் கேட்டாள். மகள் தன் கைபேசியில் வைத்திருந்தவை. தறி ஓசைக்கு மேலே கத்திப் பழகிய குரல். எல்லாம் ஏச்சு. சோறு குழைந்ததற்கு, கதவு திறந்து கிடந்ததற்கு, ஒன்றுக்குமில்லாததற்கு. அந்த வீட்டிலிருந்து கொடுப்பதற்கு வேறு பதிவே இருந்திருக்கவில்லை.

சபாபதியிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு யோசனையில் ஆழ்ந்தார்.

"அந்தம்மா புகார் சொல்லலேங்கறீங்க."

"சொல்லலை சார்."

"எத்தனை வீட்ல இதை வேணும்னே கேப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. ஒரு வசதியாவே கொடுக்கலாம்."

"அவர் நினைக்காததை அவர் வாயால சொல்லுது சார்."

"நினைச்சதைச் சொல்ல முடியாதவங்களுக்குத்தானே மெர்லின் நாம கடை நடத்துறோம். கொஞ்சம் அப்படி இப்படி இருந்தா என்ன?"

ஒருவருடைய குரலில் கை வைப்பதாக இருந்தால் நேரில் போய், அவர் பேசக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே செய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. வாரக் கடைசியில் மெர்லின் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினாள்.

விக்கிரமசிங்கபுரத்தில் அந்த வீடு கால்வாயை ஒட்டிய தெருவில் இருந்தது. பின்வாசலில் நின்றால் மலை முகத்துக்கு நேரே தெரிந்தது. பரமசிவன் ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். பெரிய உடம்பு, ஒரு பக்கம் சரிந்த முகம், கண் மட்டும் விழிப்பு. மனைவி முத்துப்பேச்சி மெலிந்த பெண். வந்தவளுக்கு நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"வாங்க, உக்காருங்க" என்றது டேப்லட், கரடுமுரடான மேஸ்திரிக் குரலில். "அம்மிணி, காபி கொடுங்க."

முத்துப்பேச்சி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். போகும்போது அவள் முகத்தில் வந்ததை மெர்லின் பார்த்துவிட்டாள். வெட்கம். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு அப்படி முகம் சிவக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பரமசிவன் மனைவியைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி கலக்கும்போது முத்துப்பேச்சி அவளை அடுக்களைக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எம்மவ போன் பண்ணது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டேன். இத எடுத்துராதீங்க."

"இது அவங்க பேச்சு இல்லையேம்மா."

"கல்யாணம் ஆன நாள்லருந்து இவுக என்னை ஏட்டிம்பாக, இல்லன்னா சவமேம்பாக. நானும் கொஞ்சம் வருசமா தேவைக்கு மேல ஒரு வார்த்த பேசுதது கிடையாது. எதுக்குப் பேசணும்? சோத்த வெப்பேன், எடுப்பேன், அவ்வளவுதான். அன்னைக்கு ஊட்டி முடிச்சு வாயத் தொடைக்கேன். 'நீங்க சாப்ட்டீங்ளா அம்மிணி'ன்னு சத்தம் கேக்கு. நான் திரும்பிப் பாத்தேம்மா, பின்னால வேற யாரும் பொம்பள நிக்காளான்னு."

மெர்லின் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். கல்யாண வீட்டில் பத்து வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கிடக்கும்போது பேர் வெட்டாத பாத்திரம் மாறிப் போகுமே, அது போலத்தான் இது என்றாள். கோபிப் பக்கம் ஒருவர் தன் மனைவியோடு பேசுகிற பேச்சு தவறி இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது இவருடைய பேச்சுக்குப் பேர் வெட்டிவிட்டால் மாறாது.

முத்துப்பேச்சி யோசித்தாள். "அந்தப் பொம்பளைக்கு அவ வீட்டுக்காரரு பேச்சு கொறஞ்சு போச்சா?"

"இல்லம்மா. அங்க அப்படியேதான் இருக்கு."

"பெறவென்ன? மாறி வந்த பாத்திரத்தயும் தேய்ச்சு வெச்சுப் பொழங்கத்தான் செய்யோம்."

"அவர் மனசுல இல்லாததும்மா அது."

"அவுக மனசுல என்ன இருந்துன்னு இத்தன வருசத்துல எனக்கு எப்பம் தெரிஞ்சுது?" என்றாள் முத்துப்பேச்சி. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

மெர்லினுக்கு அப்படியே விட்டுவிடலாம் போல இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, சரிசெய்ய முடியவில்லை என்று சபாபதியிடம் சொல்லிவிடலாம். அவர் சந்தோஷப்படுவார். இந்த அம்மாவும் சந்தோஷப்படுவாள். ஆனால் கட்டிலில் ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் பதில் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் வரவேண்டும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த எழுத்து அட்டை இருக்கிறதா என்று கேட்டாள். பீரோவின் மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள் முத்துப்பேச்சி. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மகள் வரும்போது மட்டும் பயன்பட்ட அட்டை. அதைக் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று பின்வாசலுக்குப் போய்விட்டாள். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துதான் போனாள்.

மெர்லின் டேப்லட்டில் அவருடைய பக்கத்தை மூடினாள். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததை அவருக்கும் சொன்னாள். தப்பு தங்களுடையது என்றும் சொன்னாள். பிறகு அட்டையை அவருடைய இடது கைக்குக் கீழே பிடித்தாள்.

விரல் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அவள் வாய்விட்டு வாசித்தாள், அவர் கண்ணால் ஆமாம் என்றார்.

"என் பேச்சு இல்ல."

"தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று கண்ணை மூடித் திறந்தார். விரல் மறுபடி அசைந்தது. இந்தத் தடவை நெடுநேரம் ஆயிற்று. இடையில் கை நழுவிப் போர்வையில் விழுந்தது, மெர்லின் எடுத்து வைத்தாள்.

"அவ இப்பம் பதில் சொல்லுதா."

ஜன்னலுக்கு வெளியே முத்துப்பேச்சி மாட்டோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பரமசிவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப விட்டுரட்டா ஐயா?" என்று மெர்லின் கேட்டாள். தன்னை அறியாமல் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "நீங்க விடச் சொன்னா விட்டுருதேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து விரலை நீட்டினார்.

"எடு. நான் சொல்லிப் பாக்கேன்."

அதற்குமேல் கை எழவில்லை.

தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து மெர்லின் மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு பக்கங்களின் விதிகளுக்கும் அவரவர் பெயரைச் சேர்த்தாள். உதறப்பட்ட விதிகள் மூலக்கோப்பில் இருந்தன, திரும்பி வந்தன. மூட்டையை மறுபடி கட்டிச் சோதித்து அனுப்பினாள். டேப்லட்டில் பரமசிவனுடைய பக்கம் திறந்தது. அவருடைய ஸ்டைல்ஷீட்டை வரிவரியாகப் பார்த்தாள். சாப்பிட்ட பிறகு சொல்லும் வழக்கச் சொல் என்று அதில் ஒன்றுமே இல்லை. அந்த மனிதர் சாப்பிட்டு எழுந்து போய்விடுவார் போல.

சாயங்காலம் முத்துப்பேச்சி கஞ்சியோடு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மெர்லின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். தலையணையை நிமிர்த்தி, ஸ்பூனால் ஊட்டினாள். முன்பெல்லாம் செய்வது போல, முகத்தைப் பார்க்காமல், வேலையாக. டேப்லட் பேசாமல் இருந்தது. கஞ்சி தீர்ந்தது. ஈரத் துணியால் வாயைத் துடைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பட்டையிலிருந்து வரும் சிக்னல் மெர்லினுடைய திரையில் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு முறை எழும்பி, சொல்லாகாமல் விழுந்தது. மறுபடி எழும்பி விழுந்தது. மனிதர் எதையோ சொல்ல எடுத்து எடுத்து விட்டுவிடுகிறார். பாரம் தூக்குகிறவனைப் பார்ப்பது போல அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏட்டி" என்றது டேப்லட்.

முத்துப்பேச்சி வாசற்படியில் நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. அடுத்து வரப்போகும் ஏச்சுக்குக் காத்து நிற்கிற முதுகு.

"நீ தின்னியா?"

அதே கட்டைக் குரல். கேட்கத் தெரியாமல் கேட்டது போல, அதட்டல் மாதிரிதான் வந்தது. ஆனால் கேள்வி அதுதான்.

முத்துப்பேச்சி திரும்பினாள். கட்டிலைப் பார்க்கவில்லை. மெர்லினைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, முகம் சிரித்தது.

"அவுக பாசையிலயே வெச்சிட்டீங்களேம்மா" என்றாள். "நான் சொன்னத மனசுல வெச்சிட்டுச் செஞ்சிருக்கீங்க. நீங்க நல்லாருக்கணும்."

"நான் எதுவும் வைக்கலம்மா. நான் எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவங்களேதான் கேக்காங்க."

செய்த உதவியைச் சொல்லிக்காட்ட விரும்பாதவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல முத்துப்பேச்சி சிரித்தாள்.

"நாந்தாம்ட்டி" என்றது டேப்லட்.

"இந்தா, அதயும் சொல்ல வெச்சிருக்கீங்க" என்றாள் அவள் ஆச்சரியத்தோடு.

மெர்லின் கட்டிலைப் பார்த்தாள். பரமசிவனின் கண்கள் மனைவி மேல் இருந்தன. கை போர்வையில் கிடந்தது. அது எழுந்து அட்டையைத் தொட்டாலும் வாசிக்க முத்துப்பேச்சிக்குத் தெரியாது. மெர்லின் வாசித்துச் சொன்னால், அதுவும் மெர்லின் சொன்னதாகிவிடும். திரையில் ஓடும் கோட்டைக் காட்டினால், அதுவும் மெர்லின் கொண்டுவந்த கோடு. அந்த வீட்டில் இனி அவர் என்ன சொன்னாலும், அதைச் சொன்னது அவர்தான் என்று நிரூபிக்க ஒரு வழியும் மெர்லினுக்குத் தெரியவில்லை. இதை எந்தச் சோதனையிலும் யாரும் சேர்த்திருக்கவில்லை.

"தின்னுட்டேன்" என்று முத்துப்பேச்சி கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். "மத்தியானத்துப் பழையது இருந்துது. அதுல மோரு விட்டுக் குடிச்சேன்." சொல்லிவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாடு இன்று தண்ணீரைக் கவிழ்த்துவிட்டதைச் சொன்னாள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வரன் வந்திருப்பதைச் சொன்னாள். இடையிடையே டேப்லட் 'ம்' என்றது. ஒரு தடவை, "எந்த ஊருப் பையன்?" என்று கேட்டது. அவள் சொன்னாள்.

கிளம்பும்போது தெருவாசல்வரை வந்து வழியனுப்பினாள். மெர்லினுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இனி யாரு சொன்னாலும் மாத்தீராதீங்க, என்ன?"

"மாத்த மாட்டேன்மா" என்றாள் மெர்லின்.

உள்ளேயிருந்து மேஸ்திரிக் குரல் ஏட்டி என்று கூப்பிட்டது. இந்தா வாரேன் என்று முத்துப்பேச்சி வேகமாக உள்ளே போனாள். மெர்லின் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். மாத்த மாட்டேன் என்று அவள் கொடுத்துவிட்டு வந்த வாக்கை இனி ஒவ்வொரு நாளும் காப்பாற்ற வேண்டியவர், அந்த வீட்டுக்குள் கட்டிலில் கிடந்தார்.